விதை முடிச்சு

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையில், டிண்டிங் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி அமைந்த சிறு நகரம் லூமுட். எதிரே பங்கோர்த் தீவு; அருகே கடற்படைத் தளம்; கரையோரத்தில் படகுத்துறையும் துறைமுகமும். தொல்காப்பியர் வகுத்த நிலப்பாகுபாட்டின்படி நோக்கினால் இது நெய்தல் நிலம். ஆனால், கரையை விட்டு உட்பகுதிக்குச் சிறிது தொலைவு சென்றதும் நெய்தல் மறைந்துவிடுகிறது. ஐந்திணையுள் எதிலும் அடங்காத ஒரு நிலம் அங்கே தொடங்குகிறது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ஒரே மரம், ஒரே உயரம், ஒரே நிறம். முன்பு பால்மரம், இன்று செம்பனை.

இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கத்தரிப் பாத்தி ஒன்று போட்டனர். கடையில் வாங்கிய விதைப்பொட்டலம். அதன் மேலே பளபளக்கும் ஊதாநிறக் காயின் படம். செடிகள் செழித்தன. காய்கள் படத்தில் கண்டவாறே நீண்டு, ஒன்றைப்போல் ஒன்றாய்த் தொங்கின. அவற்றுள் சிறந்த காயொன்றை முற்றவிட்டு மாணவர்களே விதை எடுத்தனர். அடுத்த பருவத்தில் அவ்விதையை ஊன்றியபோது நேர்ந்தது அவர்கள் சற்றும் எதிர்பாராதது. ஒரு செடி நீளக்காய் தந்தது; மற்றொன்று குட்டைக்காய் தந்தது; வேறொன்றில் பச்சை வரி ஓடிற்று; இரண்டு செடிகள் காய்க்கவே இல்லை.

“தாயைப் போலப் பிள்ளை என்பார்களே, டீச்சர், இந்தக் கத்தரிக்கு மட்டும் ஏன் அப்படி இல்லை?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

கேள்வி சிறிது, விடை பெரிது. பொட்டலத்தில் இருந்தது கலப்பின விதை. வேறுபட்ட இரண்டு தூய வழிகளை இணைத்துப் பெறும் முதல் தலைமுறை மட்டுமே ஒரே சீராக விளையும். அதன் விதையை மீண்டும் ஊன்றினால் பாட்டன் பாட்டியரின் குணங்கள் பிரிந்து பலவாறாக வெளிப்படும். 1866-ஆம் ஆண்டிலேயே மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடியில் கண்டு எழுதிவைத்த உண்மை இது. ஆசிரியை இதனைக் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கினார். மாணவி வீடு திரும்பி அதனைத் தன் பாட்டியிடம் சொன்னாள். மறுநாள் காலை அந்த மூதாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார். அவர் கையில் பழந்துணி முடிச்சு ஒன்று இருந்தது. அவிழ்த்தபோது சாம்பலுக்குள் இருபத்து மூன்று கத்தரி விதைகள்.

“இது எங்கம்மா ஊர்லேருந்து கொண்டாந்தது, டீச்சர். இதுல விதை எடுத்தா இதே காய்தான் வரும். ஆனா, நாலு வருசமா நான் போடல. மாடி வீட்டுல எங்க போடுறது? இனிமே முளைக்குமான்னு தெரியல” என்றார் அவர்.

அம்மூதாட்டியின் தாய் 1930-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். அன்று வந்த தொழிலாளர்கள் கொண்டுவந்த உடைமை மிகச் சிறிது: ஒரு பெட்டி, ஒரு பாய், குலதெய்வத்தின் பெயர், முந்தானையில் முடிந்த சில விதைகள். ரப்பர்த் தோட்டத்து லயங்களின் பின்புறம் சிறு கொல்லைகளாயின. முருங்கையும் அவரையும் புடலும் பாகலும் கீரைகளும் அங்கே தழைத்தன. முன்வாசலில் நின்று பார்த்தால் கம்பெனியின் ஒற்றை மரம். பின்வாசலில் நின்று பார்த்தால் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் பயிர்க்களஞ்சியம். 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது, அந்தக் கொல்லைகளின் மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும் கீரையுமே பலரை உயிரோடு வைத்தன. பால்மரம் அன்று சோறு போடவில்லை.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது, லயங்கள் இடிந்தன, மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். வீடு மாறியதை அனைவரும் பேசினர். விதை மாறியதை எவரும் பேசவில்லை.

ஒற்றை மரத்தின் ஆபத்தை உணர்த்தப் பேராக் மண்ணைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கன்றுகளைப் பேராக்கின் ஆங்கில ஆட்சியாளர் ஹியூ லோ கோலாகங்சாரில் நட்டார். அவற்றுள் ஒன்று எனப் போற்றப்படும் முதுமரம் இன்றும் அங்கே நிற்கிறது. மலாயாவின் காடுகளை மாற்றிய பால்மரங்களுள் மிகப்பெரும்பாலானவை விக்கம் கொண்டுசென்ற அந்த விதைகளின் வழிவந்தவையே. கோடிக்கணக்கான மரங்கள், ஆயினும் ஒரு சிறு குடும்பம். செம்பனையின் கதையும் அதுவே. 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நடப்பட்ட நான்கு கன்றுகளே தென்கிழக்காசியச் செம்பனையின் மூலம் எனப்படுகிறது.

குடும்பம் சிறிதாயின் ஒரே நோய் அனைவரையும் வீழ்த்தும். பிரேசிலில் 1928-இல் ஹென்றி போர்டு தொடங்கிய மாபெரும் ரப்பர்த் தோட்டத்தை இலைக்கருகல் நோய் அழித்தது. 1945-இல் அவர் குடும்பத்தார் அதனைக் கைவிட்டனர். அந்த நோய் ஆசியாவிற்குள் நுழைந்தால் என்னாகும் என்ற அச்சம் ரப்பர் ஆய்வாளர்களை இன்றும் விட்டபாடில்லை. 1981-இல் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று அமேசான் காட்டிற்குச் சென்று பல்லாயிரம் காட்டு ரப்பர் விதைகளைத் திரட்டியதற்கும் அதுவே காரணம். நூறாண்டு வளர்ந்த ஒரு தொழில், தன் உயிரைக் காத்துக்கொள்ள மீண்டும் காட்டின் வாசலில் போய் நின்றது. பல்வகைமை என்பது அழகுக்காக அன்று, அடைக்கலத்திற்காகவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் மரபணு மாற்றப் பயிர்களை நோக்குதல் வேண்டும். முதலில் ஒரு தெளிவு தேவை. மாணவர்கள் வாங்கிய கலப்பின விதை மரபணு மாற்ற விதை அன்று. கலப்பினம் என்பது ஒரே பயிரின் இரு வழிகளை மகரந்தத்தால் மணமுடிப்பது. மரபணு மாற்றமோ இனவேலியைத் தாண்டுவது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரியின் மரபணுவை எடுத்துப் பருத்தியில் பதித்தால், அச்செடியே காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தன்னுள் ஆக்கிக்கொள்கிறது. வேறொரு மரபணுவைச் சோயாவில் பதித்தால், களைக்கொல்லி தெளித்த வயலில் சோயா மட்டும் பிழைத்து ஏனையவை கருகுகின்றன. 1996 முதல் பெருமளவில் பரவிய இத்தகைய பயிர்கள், 2019-ஆம் ஆண்டளவில் 29 நாடுகளில் ஏறத்தாழ 19 கோடி எக்டரில் விளைந்தன. அப்பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தவை சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா ஆகிய நான்கே. பல்வகைமை பற்றிய கவலை இந்த நான்கு என்னும் எண்ணிலேயே தொடங்குகிறது.

இப்பயிர்கள் பல்வகைமையைத் தாக்கும் வழிகளுள் முதலாவது, இடத்தைப் பறித்தல். இந்தியப் பருத்தி இதற்குச் சான்று. கோவில்பட்டிக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைந்த கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகள், இந்திய விடுதலையின்போது அந்நாட்டின் பருத்திப் பரப்பில் மிகப்பெரும் பங்கு வகித்தன. 1970-இல் குசராத்தில் வெளிவந்த எச்-4 என்னும் கலப்பினம் அவற்றின் இடத்தை அரித்தது. 2002-இல் ஒப்புதல் பெற்ற பி.டி. பருத்தி எஞ்சியதையும் விழுங்கிற்று; பின்னாளில் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் அதுவே நிறைந்தது. புதிய மரபணு நாட்டுப் பருத்தியினுள் கலந்து அதனைக் கெடுக்கவில்லை. இரண்டும் எளிதிற் கலவா இனங்கள். நாட்டுப் பருத்தி மறைந்தது, ஊன்றுவோர் இல்லாமையால். விதை என்பது பேசப்படும் மொழி போன்றது. புழங்குவோர் விட்டுவிட்டால் பகைவர் எவரும் வந்து அழிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது வழி, கலத்தல். மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. அங்குள்ள ஓகசாக்கா மலைப்பகுதியின் நாட்டுச் சோளத்தில் மரபணு மாற்றத்தின் தடயம் காணப்பட்டதாக 2001-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு பெரும் விவாதத்தை எழுப்பியது. 2005-இல் வெளிவந்த ஆய்வு அத்தகைய தடயமே இல்லை என்றது. 2009-இல் மற்றோர் ஆய்வு சில இடங்களில் உண்டு என்றது. முடிவு எதுவாயினும் ஒன்று உறுதி: மகரந்தம் எல்லைக்கல்லை மதிப்பதில்லை. இக்கவலையே கத்தரியின் கதையிலும் எழுந்தது. கத்தரியின் தாயகமாகக் கருதப்படும் நாடுகளுள் இந்தியா முதன்மையானது. அதன் காட்டுறவுச் செடிகள் அங்கே வேலியோரம் தாமே முளைப்பவை. 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு வல்லுநர் குழு இசைவளித்தபோது எதிர்ப்பு எழுந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டறிந்து, 2010 பிப்ரவரி 9-ஆம் நாள் அதனை நிறுத்திவைத்தார். அண்டை நாடாகிய வங்காளதேசமோ 2013-இல் அதற்கு ஒப்புதல் தந்தது. ஒரே காய்க்கு இரு நாடுகளில் இரு தீர்ப்புகள்.

மூன்றாவது வழி, வயலைச் சூழ்ந்த உயிர்களின் நிலைமாற்றம். களைக்கொல்லியைத் தாங்கும் பயிர் வந்ததும், அமெரிக்க வயல்களில் ஆண்டுதோறும் ஒரே களைக்கொல்லியைத் தெளித்தனர். எருக்கின் உறவான பால்செடி வயல்களிலிருந்து மறைந்தது. அதன் இலையை மட்டுமே உண்டு வளரும் மன்னர் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் உணவிழந்தன. மறுபுறம், தமிழர் உணவிலுள்ள தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு களை, அந்த நஞ்சையே வென்று, 2005 அளவில் ஜார்ஜியாவின் பருத்தி வயல்களில் தலைதூக்கிற்று. தேவையான செடி அழிந்தது. அழிக்க எண்ணிய செடி நிலைத்தது.

எனினும், நடுநிலை பிறழ்தல் கற்றோர்க்கு அழகன்று. இங்கிலாந்தில் வயல் அளவில் பல ஆண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2003-இல் வெளிவந்தது. களைக்கொல்லி தாங்கும் கிழங்குப்பயிரும் கடுகினப் பயிரும் விளைந்த வயல்களில் களைவிதைகளும் பூச்சிகளும் குறைந்தன. மக்காச்சோள வயலிலோ அவை கூடின. சீனாவில் பி.டி. பருத்தியால் பூச்சிமருந்து குறைந்ததும், சிலந்தி, பொறிவண்டு முதலிய நன்மை செய்யும் உயிர்கள் பெருகியதாக 2012-இல் ஆய்வாளர்கள் காட்டினர். ஹவாய்த் தீவில் வளையப்புள்ளி நச்சுயிரியால் அழிந்துகொண்டிருந்த பப்பாளியை 1998-இல் வெளிவந்த மரபணு மாற்றப் பப்பாளியே காத்தது. ஆகவே, மரபணு மாற்றம் முழுவதும் நஞ்சு என்பதும் பிழை. முழுவதும் அமுது என்பதும் பிழை. எந்தப் பயிர், எந்த மண், எத்தகைய பயன்பாடு என்று தனித்தனியே ஆராய்வதே அறிவுடைமை.

மரபணு மாற்றம் இல்லாமலேயே இதே ஆபத்து மலேசிய நெல்வயலில் நிகழ்ந்ததுண்டு. நெற்கதிர் முற்றுமுன்பே மணியை உதிர்த்துவிடும் களைநெல்லை மலாய் உழவர் ‘பாடி ஆங்கின்’ என்பர். காற்று நெல் என்பது பொருள். அதனை ஒடுக்க, ஒருவகைக் களைக்கொல்லியைத் தாங்கும் நெல் வகைகளை மார்டி ஆய்வு நிறுவனம் 2010-இல் வெளியிட்டது. அவை செயற்கையாகத் தூண்டப்பட்ட திடீர் மாற்றத்தின்வழிப் பெறப்பட்டவை. வேற்றுயிரின் மரபணு ஏதும் பதிக்கப்படாதவை. தொடக்கத்தில் விளைச்சல் பெருகிற்று. சில ஆண்டுகளிலேயே அக்களைநெல்லும் களைக்கொல்லியைத் தாங்கக் கற்றுக்கொண்டது. நெல்லும் களைநெல்லும் உடன்பிறப்புகள். ஒன்றின் குணம் மற்றொன்றிற்குச் செல்வது இயற்கை. உழவர் அதே நெல்லை இடைவிடாது விதைத்ததும் ஒரே மருந்தையே நம்பியதும் அதனை விரைவுபடுத்தின. எனவே, குற்றவாளி ஆய்வுக்கூடம் மட்டுமன்று. ஒன்றையே நம்பும் பழக்கமும் ஆகும்.

லூமுட் வட்டாரத்து மக்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று. சித்தியவான், ஆயர் தாவார், பந்தாய் ரெமிஸ் பகுதிகளில் கோழிப்பண்ணைகள் மிகுதி. கோழித்தீவனத்தின் முதன்மைப் பொருள்கள் மக்காச்சோளமும் சோயாவும். மலேசியா அவற்றைப் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில், அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வரவழைக்கிறது. அந்நாடுகளின் சோயாவும் சோளமும் பெரும்பாலும் மரபணு மாற்றம் பெற்றவை. மலேசியாவின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு, 2009 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் உணவாகவும் தீவனமாகவும் பயன்படுத்தச் சில வகைகளுக்கு இசைவு உண்டு. வயலில் விதைப்பதற்கு அவ்விசைவு பொருந்தாது. மலேசிய மண்ணில் மரபணு மாற்ற உணவுப்பயிர் எதுவும் வணிக முறையில் விளைவதில்லை. ஆனால், அதன் தானியம் கோழியாக மாறி ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் வேகிறது. விதைக்கதவு அடைத்திருக்கிறது; உணவுக்கதவு திறந்திருக்கிறது.

விதைக்கு நாட்டெல்லை இல்லை என்பதற்கு மகிழ்ச்சி தரும் சான்றும் ஒன்றுண்டு. மலேசியத் தமிழர் விரும்பி வாங்கும் பொன்னி அரிசியைத் தமிழ்நாட்டின் தனிச்சொத்து என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் முன்னோருள் ஒன்று மயாங் எபோஸ் என்னும் மலாயா நெல். மற்றொன்று தைவான் நாட்டின் தைச்சுங் 65. ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் ஒடிசாவின் கட்டாக் நகரில் அவ்விரண்டும் இணைக்கப்பட்டன. அக்கலப்பிலிருந்து மலேசியாவில் 1965-இல் மசூரி வெளிவந்தது. தமிழகத்தில் பொன்னி பிறந்தது. ஏதோ ஒரு மலாய் உழவர் குடும்பம் மயாங் எபோஸ் விதையைக் காத்துவைக்காமல் இருந்திருந்தால் பொன்னி பிறந்திராது. நாளைய நல்ல விதைக்குத் தாயாக வல்லது இன்றைய பழைய விதையே. மரபணு மாற்றத்தை உவந்தேற்கும் அறிவியலாரும் இதனை மறுப்பதில்லை. மாற்றுவதற்கேனும் மூலம் ஒன்று வேண்டுமன்றோ?

அதனால்தான் உலகம் விதைகளுக்குக் களஞ்சியம் கட்டுகிறது. நார்வே நாட்டின் பனிமலைக்குள் 2008-இல் திறக்கப்பட்ட ஸ்வால்பார்டு விதைப்பெட்டகம் அவற்றுள் புகழ்பெற்றது. ஆயினும், குளிரறையில் உறங்கும் விதை மாறிவரும் மழையையும் புதிய பூச்சியையும் அறிவதில்லை. ஆண்டுதோறும் மண்ணைத் தொடும் விதையே காலத்தோடு சேர்ந்து கற்கிறது. தமிழகத்தில் நம்மாழ்வாரின் வழிநின்று, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் அதனை உணர்ந்தவர். விழாவிற்கு வரும் உழவர்க்கு விதைநெல் கொடுத்து, அடுத்த ஆண்டு இரு மடங்காய்த் திருப்பித்தரச் சொன்னார். 2018-இல் அவர் மறையுமுன் மீட்டெடுத்த பாரம்பரிய நெல் வகைகள் 174. அவர் ஆய்வாளரும் அல்லர், செல்வரும் அல்லர்.

லூமுட் வட்டாரத்துப் பள்ளியில் அந்த இருபத்து மூன்று விதைகளையும் மாணவர்கள் ஒரு நாற்றுத்தட்டில் ஊன்றினர். ஒவ்வொரு நாளும் காலை வழிபாட்டிற்குமுன் நீர் தெளித்தனர். ஒரு வாரம் ஒன்றும் நிகழவில்லை. பத்தாம் நாள் ஒரு முளை, பின்னர் மூன்று. எஞ்சிய பத்தொன்பதும் மண்ணோடு மண்ணாயின. நான்கு கன்றுகளுள் ஒன்றை நத்தை தின்றது. மூன்றே பிழைத்தன. மூன்றும் ஒரே வகைக் காயைத் தந்தன: சிறிய உருண்டைக் காய், வெளிர்பச்சையில் ஊதா வரி, காம்பில் முள். மூதாட்டி வந்து ஒன்றைப் பறித்து முகர்ந்து பார்த்தார். “ஆமாம், இதுதான்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இன்னும் ஓர் ஆண்டு காலந்தாழ்ந்திருந்தால் அந்த நான்கும் முளைத்திரா. கடல் கடந்து வந்து, சப்பானியர் காலத்தைத் தாண்டி, தோட்டத் துண்டாடலையும் தாண்டி நின்ற ஒரு கத்தரி இனம், மாடிவீட்டுத் தகர டப்பாவில் ஓசையின்றி முடிந்திருக்கும். எந்த ஆய்வுக்கூடமும் அதனைக் கொன்றிராது. ஊன்ற ஒரு சாண் மண் இல்லாமையே கொன்றிருக்கும். தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிற்கு அந்த ஒரு சாண் மண் உண்டு. மொழியைக் காக்கும் பள்ளி, அம்மொழியிற் பெயருள்ள செடிகளையும் காக்கலாம். ஒவ்வொரு பள்ளியும் ஒரு பாத்தியை மூத்தோர் தரும் விதைக்கென ஒதுக்கினால், அதற்குப் பெருஞ்செலவு ஆகாது, சட்டமும் தேவையில்லை. அவ்வீட்டு மூத்தோர் இருக்கும்போதே கேட்டுப் பெறுதல் வேண்டும் என்பது ஒன்றே அதற்குரிய விதி.

காய் முற்றி மஞ்சளானபின் மாணவர்கள் விதை எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி, ஆளுக்கொரு சிறு முடிச்சாகக் கட்டினர். மூதாட்டிக்கும் ஒன்று கொடுத்தனர். அவர் அதனை அவிழ்த்துப் பார்த்தார்.

“சாம்பல் போடலையே, டீச்சர். ஒரு பிடி சாம்பல் போட்டுக் கட்டச் சொல்லுங்க. அப்பத்தான் வண்டு வராது” என்றார்.

மாணவர்கள் முடிச்சுகள் அனைத்தையும் அவிழ்த்து, சாம்பலிட்டு, மறுபடியும் கட்டினர்.